தாமே கட்டிய வானொலி

வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தருக எனக் கழகத்தார் பணித்தபோது, தலைவர் ஒருவரைப் பற்றியோ போராட்டம் ஒன்றைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வானொலி. உதிரி உறுப்புகளை வாங்கித் தன் கையால் இணைத்து, அதன்வழிக் கேட்கவும் பேசவும் செய்கின்ற அமெச்சூர் வானொலியைப் பற்றியது இக்கட்டுரை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு காலம் கழித்த ஓர் ஆசிரியர் இதனை ஏன் வரலாறு என்கிறார் என்பது போகப் போக விளங்கும்.

சென்னையில் ஒலிபரப்புத் தோன்றியதே இத்தகைய கைவேலையில்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்னும் பொறியாளர் இங்கிலாந்திலிருந்து திரும்புகையில், ஒலிபரப்பிக்குரிய உறுப்புகளைத் தம்முடன் கொணர்ந்து இங்கே பொருத்தினார். அவரும் நண்பர்களும் 1924 மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றலுடன் அதன் ஒலிபரப்பு எழும்பூரிலிருந்து ஒலித்தது. ஒரு வீட்டு மின்விளக்குக்குரிய ஆற்றல்தான் அது. இலண்டனில் பி.பி.சி. ஒலிபரப்பத் தொடங்கி அப்போது ஈராண்டுகூட நிறைவுறவில்லை. இந்திய ஒலிபரப்புக் கம்பெனி பம்பாயில் நிலையம் திறந்ததோ 1927 ஜூலையில். அரசும் கம்பெனியும் வருமுன்னே, ஆர்வத்தால் கூடிய சிலர் சென்னை வானில் குரலை எழுப்பிவிட்டனர். பணமுடையால் 1927 அக்டோபரில் கழகம் மூடப்பட்டது. கருவி மாநகராட்சியின் கைக்குச் சென்றது.

அதே 1924-ஆம் ஆண்டு நம்மவர் வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்தச் சாதி தடையாகாது எனும் தீர்மானத்தை ஆர். வீரையன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது அவ்வாண்டில்தான். தெருவில் நடக்கும் உரிமைக்கு ஒருபுறம் தீர்மானம் வேண்டியிருந்தது. மறுபுறம், எத்தெருவையும் தாண்டிச் செல்லும் அலை பிறந்துகொண்டிருந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்தவை என்று சொல்வதற்கில்லை. வானொலிக் கழகத்தில் கூடியவர்கள் வசதி படைத்தோர். நம் பாட்டனார் காலத்தவர்க்கு அங்கே வேலையேதும் இல்லை.

மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் ராபின்சன் பூங்கா போன்ற பொது இடங்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. காசில்லாதவனும் நின்று கேட்கலாம் என்னும் நிலை அப்போதுதான் வந்தது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை இது நடந்தது. ஆயினும் பூங்காவில் நின்றவன் கேட்டான், அவ்வளவே. நம் இளமையில் தேநீர்க்கடை வாயிலில் இலங்கை வானொலியைக் கேட்டு நின்றதும் அவ்வாறே. கடைக்குள் பலகையில் அமர்ந்து கேட்டவர் யார், வெளியே குவளையுடன் நின்று கேட்டவர் யார் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கேட்பதோடு பேசவும் செய்யும் உரிமையை அளிப்பதே அமெச்சூர் வானொலி. இந்தியாவில் இது 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா போன்றோரால் தொடங்கிற்று. உலகப்போர் மூண்ட 1939-இல் அரசு உரிமங்களை நீக்கியது. போர் முடிந்த பின்னரே அவை மீண்டன. நடுவணரசு நடத்தும் தேர்வில் தேறுவோர் உரிமம் பெறலாம். பன்னிரண்டு வயது நிறைந்த சிறாரும் எழுதலாம். உரிமம் பெற்றவர்க்கு ‘வி.யு.’ என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். வானில் அதுவே அவர் பெயர். அதில் தந்தை பெயர் இல்லை, தெருப்பெயர் இல்லை. வாணிகமும் அரசியலும் பேசக்கூடாது என்பது விதி. நம் மாணவர்க்கு இவ்வழைப்புக்குறியைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் முகத்தில் தோன்றிய ஒளியை நாம் மறக்கவில்லை.

உரிமத்தைவிடக் கருவியே நெடுங்காலம் எட்டாத பொருளாக இருந்தது. வெளிநாட்டுக் கருவியின் விலை ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். அறிவுக்கோ நம் வட்டாரத்தில் குறைவில்லை. சி. ராஜம் அவர்கள் தம் மாளிகையை விற்று 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில், மின்னணுவியல் தொடக்கத்திலிருந்தே தனிப் படிப்பாக இருந்தது. எழுத்தாளர் சுஜாதா அங்கே பயின்றவர். 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணேறிய 40 கிலோ எடையுள்ள ‘அனுசாட்’ துணைக்கோள் அவ்வளாகத்து மாணவரும் ஆசிரியரும் உழைத்து உருவாக்கியதே. எனினும், அதன் மதிலுக்கு இப்பால் உள்ள நம் பள்ளிகளில், இயற்பியல் ஆய்வகம் என்பது பெரும்பாலும் ஒரு பூட்டிய அலமாரியே.

இந்நிலையை மாற்றியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். ‘பிட்எக்ஸ்’ என்னும் ஏற்பி-பரப்பியின் வரைபடத்தை 2003-இல் அவர் யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். அதன் சிறப்பு இருவகைத்து. முதலாவது, கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே சுற்று பயன்படுகிறது. அலை ஒரு திசையில் சென்றால் ஏற்பி. மறுதிசையில் சென்றால் பரப்பி. விலைமிக்க படிக வடிப்பி இரண்டு வேண்டிய இடத்தில் ஒன்றே போதும்; அதையும் கணிப்பொறிகளில் வரும் மலிவான படிகங்களைக் கொண்டே அமைத்தார். இரண்டாவது, சுருள் சுற்றுவதற்கு அவர் தேர்ந்த பொருள் குழாயில் போடும் வாஷர்! ஃபெரைட் வளையம் கிடைக்காத ஊரிலும் குழாய் வாஷர் கிடைக்குமன்றோ? வல்லுநர் சிலர் இதைக் கண்டு நகைத்திருக்கலாம். நமக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டாயிற்று. பின்னர் 2016 இறுதியில் ‘பிட்எக்ஸ்-40’ என்னும் உறுப்புத் தொகுப்பும், அதன்பின் பல அலைவரிசைகளுக்குரிய தொகுப்பும் வந்தன. அவற்றுக்குச் சுருள் சுற்றித் தந்தோர் ஐதராபாத் மகளிர் குழுவினர்.

நாம் இதில் இறங்கியது 2015 திசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு. அடையாற்று நீர் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தபோது மின்சாரம் நின்றது, கைபேசிகள் ஊமையாயின. பள்ளியில் தங்கியிருந்தோர் உறவினர் நிலையறியாது தவித்தனர். 2004 ஆழிப்பேரலையின்போது, அந்தமானுக்கு அமெச்சூர் வானொலிப் பயணமாகச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பி உதவியதை முன்னரே படித்திருந்தோம். ஒரு மின்கலமும் ஒரு நீண்ட கம்பியும் இருந்தால் போதும் என்பது அப்போதுதான் நெஞ்சில் தைத்தது.

பழைய வரைபடத்தையே 7 மெகாஹெர்ட்சுக்கு மாற்றிக் கட்டுவது என அறிவியல் மன்றத்தார் முடிவு செய்தோம். வாஷர்கள் தாம்பரம் கடைத்தெருவில் கிடைத்தன. மற்றவை மின்சார ரயிலேறிச் சென்று ரிச்சி தெருவில் வாங்கியவை. செம்புத் தகட்டின் மேல் ஒவ்வோர் உறுப்பாக ஈயம் பற்றவைத்தோம். சுற்றை எண்ணும் போது யாரேனும் பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். ஆகவே சுருள் சுற்றும் வேளையில் அறையில் பேச்சே கூடாதென மாணவிகள் சட்டமியற்றினர். தலைமையாசிரியர்க்கும் அது பொருந்தியது. முதல்முறை மின்கலத்தை நேர் எதிர் மாற்றி இணைத்தவர் நாமே. இரண்டு டிரான்சிஸ்டர்கள் புகைந்தன. ஒரு வாரம் போயிற்று. பின்னர் மின்விசிறிக் காற்று படும்போதெல்லாம் அலைவெண் நகர்ந்தது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடிய பின்னரே நிலைத்தது. ஏறத்தாழ 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் பிரித்து, மாடிக் கைப்பிடிக்கும் வேப்பமரத்திற்கும் இடையே கட்டினோம். ஒரு காலைப்பொழுதில், இரைச்சலின் அடியிலிருந்து, யாரோ ஒருவர் தம் ஊரில் மழை பெய்வதாகத் தமிழில் சொன்னார். பிள்ளைகள் ஆரவாரம் செய்ததில் அவர் எவ்வூரினர் என்பதைக் கேட்கத் தவறிவிட்டோம்.

அதனை ஓர் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டு சென்றோம். நடுவராக வந்த ஒருவர் கருவியைப் பார்த்தார், மாணவிகளைப் பார்த்தார், அவர்தம் பள்ளிப் பெயரையும் ஊரையும் கேட்டார். “இதை உங்களுக்கு யார் செய்து கொடுத்தது?” என்றார். நமக்கு நெஞ்சு கொதித்தது. நம் வாழ்நாளில் பலமுறை பல வடிவில் கேட்ட கேள்வியன்றோ அது! ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விடையேதும் கூறாமல், பையிலிருந்து ஒரு வாஷரையும் கம்பியையும் எடுத்து அவர் கண்ணெதிரே சுற்றத் தொடங்கினாள். பாதியில் அவர் ஏதோ வினவ, எண்ணிக்கை தவறியது. “ஐயா, பேசாதீங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லி, முதலிலிருந்து சுற்றினாள். அவர் நின்று பார்த்தார். பரிசு வேறு பள்ளிக்குச் சென்றது.

இன்று மூன்று மாணவர்கள் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பித்துள்ளனர். அவருள் அச்சிறுமியும் ஒருத்தி, இப்போது பதினோராம் வகுப்பு. கேட்கும் பகுதி நாள்தோறும் இயங்குகிறது. உரிமமின்றி அலையை அனுப்புவது குற்றமாதலால், பேசும் பகுதிக்குரிய ஆற்றல் டிரான்சிஸ்டரை இன்னும் பொருத்தவில்லை. அது ஒரு தீப்பெட்டியில் பஞ்சு சுற்றி நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறையின் சாவியை அவள் வாரம் ஒருமுறை கேட்டு வாங்கி, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.