பல் மருத்துவ அச்சம்: சிரிப்பு வாயு முதல் சிவப்புப் பொத்தான் வரை

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சிரிப்பு வாயு வேடிக்கைக் காட்சி ஒன்று நடந்தது. வாயுவை முகர்ந்துவிட்டு மேடையில் துள்ளிய சாமுவேல் கூலி என்பவருக்குக் காலில் பலத்த அடி. ரத்தம் வழிந்தும் அவருக்கு உறைக்கவேயில்லை. அதைக் கவனித்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், காட்சி நடத்திய கோல்டனை மறுநாளே வரவழைத்து வாயுவைத் தாமே முகர்ந்தார். சக பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ் அவருடைய கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் பிடுங்கினார். அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன் செய்து காட்டியபோது நோயாளி முனகிவிட, வெல்ஸுக்குக் கிடைத்தது ஏளனம்தான். 1846-இல் வில்லியம் மார்ட்டனின் ஈதர், 1905-இல் நோவோகெய்ன், 1948-இல் லிக்னோகெய்ன் என்று வலியை மரக்கச் செய்யும் மருந்துகள் அடுத்தடுத்து வந்தன.

வலியை ஒழித்தால் பயமும் ஒழியும் என்பதே இந்த நூறாண்டுக் கால நம்பிக்கை. அது பலிக்கவில்லை.

பயம் வேறு, வலி வேறு என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பே மோப்பம் பிடித்தவர் ஒரு வித்தைக்காரர். சர்க்கஸ் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கிய எட்கர் பார்க்கர், 1915-இல் ‘வலியில்லாப் பார்க்கர்’ என்று சட்டப்படியே பெயர் மாற்றிக்கொண்டவர். அவர் பல்லைப் பிடுங்கும்போது பேண்டு வாத்தியம் முழங்கும். நாற்காலியில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அலறல் காதில் விழுந்தால் வரிசையில் நிற்பவர்கள் நழுவிவிடுவார்களே!

1957-இல் வந்த ஏரோட்டர் டிரில் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் முறை சுழன்றது. பழைய டிரில்லின் அதிர்வு குறைந்தது; காதைத் துளைக்கும் கீச்சொலி புதிதாகச் சேர்ந்தது. இரண்டே ஆண்டில், பாஸ்டன் பல் மருத்துவர் வாலஸ் கார்ட்னரும் ஒலி உளவியலாளர் ஜே. சி. ஆர். லிக்லைடரும் (பின்னாளில் இணையத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர்) நோயாளியின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். இசையும் அருவிபோன்ற இரைச்சலும் கேட்கும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகு நோயாளியின் கையில். அந்தக் கருவி நிலைக்கவில்லை. ஆனாலும் அந்தத் திருகு முக்கியமானது: சிகிச்சையின் ஒரு துளியாவது நோயாளியின் வசம் வந்தது.

1969-இல் உளவியலாளர் நார்மன் கோரா பல் மருத்துவ அச்சத்தை அளக்க நான்கு கேள்விகளை வகுத்தார். நாளை டாக்டரிடம் போக வேண்டும், வரவேற்பறையில் காத்திருக்கிறீர்கள், நாற்காலியில் இருக்கும்போது டாக்டர் டிரில்லை எடுக்கிறார், பல்லைச் சுத்தம் செய்யக் கருவிகளை எடுத்து வைக்கிறார். அப்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? நான்கில் ஒன்றுகூட வலிக்கும் கணத்தைப் பற்றியதல்ல, எல்லாமே அதற்கு முந்தைய காத்திருப்பைப் பற்றியவை. 1995-இல் ஜெரி ஹம்ஃப்ரிஸ் ஐந்தாவதாக மரத்துப்போகச் செய்யும் ஊசியைச் சேர்த்தார். வலியைப் போக்க வந்த மருந்தே பயப்பட்டியலில் ஏறிவிட்டது!

கோரா அளந்ததோடு நிற்கவில்லை. 1973-இல் சிகிச்சைக்கு வந்த சிறுவர் சிலரிடம் பச்சை, சிவப்புப் பொத்தான்களைக் கொடுத்தார். சிவப்பை அழுத்தினால் டாக்டர் நிறுத்த வேண்டும். டிரில் ஓடும் நேரத்தில் இந்தச் சிறுவர்களிடம் பதற்றத்தின் உடல் அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. இன்று பல மருத்துவர்கள் சொல்லும் ‘கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்’ என்பதும் இதே உத்திதான்.

வராமல் தள்ளிப்போடுபவர்களின் கதை வேறு. 1984-இல் ஸ்வீடனின் உல்ஃப் பெர்க்ரென் அவர்களுடைய சுழலை விவரித்தார்: பயத்தால் போவதில்லை, போகாததால் பல் சொத்தையாகிறது, சொத்தைப் பல்லைக் காட்ட வெட்கம், வெட்கத்தால் பயம் இன்னும் கூடுகிறது. 2009-இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் நடந்த பெரியவர்களுக்கான பல்நலக் கணக்கெடுப்பில் 12 சதவீதத்தினர் கடும் அச்சம் உள்ளவர்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பல் மருத்துவ அச்சம் உள்ள 130 பேருக்கு அளிக்கப்பட்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்ற உளச்சிகிச்சையின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. சராசரியாக ஐந்து அமர்வுகளில் 79 சதவீதத்தினர் மயக்க மருந்தின் உதவியில்லாமலே பல் சிகிச்சை செய்துகொண்டார்கள்.