பற்சான்று: இலங்கையின் தொல்மாந்தர்

மனிதப் பற்களின் அளவு, வடிவம், தேய்வு, வேதியற் சேர்க்கை ஆகியவற்றைக் கொண்டு கூர்ப்பையும் குடிவழியையும் ஆராயும் முறை. இலங்கையில் இது, தீவின் தொல்குடியினரான வேடர் பற்றிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக வளர்ந்தது. ஆய்வுக்கான பற்கள் பெரும்பாலும் தென்மேற்கு மழைக்காட்டுக் குகைகளிலிருந்து கிடைத்தவை. ஆனால் அவற்றைக் கொண்டு எழுப்பப்பட்ட கேள்விகள் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பகுதிகளில் வாழும் கரையோர வேடரையும் தொடுகின்றன.

பல்லின் மேலுறையான மிளிரியில், அதாவது எனாமலில், 95 வீதத்துக்கு மேல் கனிமம். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மிளிரி ஒருமுறை உருவானால் அவ்வளவுதான். முதலாவது பெருங்கடைவாய்ப்பல்லின் முடி பிறப்பையொட்டி உருவாகத் தொடங்கி மூன்று வயதளவில் நிறைவுறும். ஞானப்பல் உருவாவது பல ஆண்டுகள் பிந்தி. எனவே ஒரே தாடையின் இரு பற்களில் ஒருவருடைய குழந்தைப் பருவமும் வளரிளம் பருவமும் தனித்தனியே பதிந்திருக்கும். வெக்கையும் ஈரமும் எலும்பை அரித்து மரபணுவையும் சிதைத்துவிடும் நாட்டில், அகழ்வாளர் கைக்கு எஞ்சுவது பல நேரங்களில் பல் மட்டுமே.

சுவிற்சர்லாந்தின் பவுல் சரசினும் அவருடைய உறவினர் பிரிற்சு சரசினும் 1880களில் வேடரின் உடலமைப்பை அளந்தனர். 1907இல் திரும்பி வந்து வேடருடைய மூதாதையரைத் தேடிக் குகைகளைத் தோண்டினர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல் கிழக்குக் கரையோர வேடருக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. தமிழ் பேசி, கடற்றொழில் செய்த அவர்கள் 'தூய' வேடரைத் தேடி வந்தவர்களுக்குச் சங்கடமான மக்களாகவே இருந்தனர்.

தொல்மாந்தருக்கு அறிவியற் பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. 1950களில் அவர் முன்வைத்த 'பலாங்கொடை மனிதன்' தடித்த புருவமேடும் பெரிய பற்களும் உடையவன். அவருடைய மகன் சிரான் தெரணியகல பட்டதொம்பலென, பெலிலென குகைகளை அகழ்ந்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கென்னடி அங்கு கிடைத்த எச்சங்களை ஆராய்ந்து வேடரோடு ஒப்பிட்டார். பெரிய பல் என்பது வெறும் பருமன் செய்தியல்ல. சமைத்த மென்மையான உணவும் வேளாண்மையும் பரவப் பரவ உலகெங்கும் மனிதப் பற்கள் சிறுத்தன. தாடையும் சுருங்கியதால்தான் இன்று ஞானப்பல்லுக்கு இடமில்லாமற் போகிறது. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் 1970இல் விமலா பெக்லி அகழ்ந்த தாழி அடக்கங்களின் பற்களை ஜோன் லூகாக்ஸ் ஆராய்ந்தார்.

வடிவத்தை வைத்துக் குடிவழி சொல்வதில்தான் சிக்கல். வெட்டும்பல்லின் உட்புறம் மண்வாரி போலக் குழிந்திருத்தல் கிழக்காசியரிடமும் அமெரிக்கத் தொல்குடியினரிடமும் மிகுதி. ஈடிஏஆர் என்ற மரபணுவின் ஒரு மாற்றம் அதற்கு முக்கிய காரணம். மேற்கடைவாய்ப்பல்லின் உட்பக்கத்தில் முளைக்கும் கரபெல்லிக் குமிழ் ஐரோப்பியரிடம் கூடுதல். ஆனால் இவை எல்லாம் மக்கட்கூட்டத்தில் எத்தனை பேரிடம் காணப்படுகின்றன என்ற விகிதக் கணக்கு. தனியொரு பல்லைக் கையில் எடுத்து 'இது வேடர் பல், இது தமிழர் பல், இது சிங்களவர் பல்' என்று எவராலும் சொல்ல முடியாது. சொன்னவர்கள் அரசியல் செய்தார்கள். யார் முதலில் வந்தவர் என்ற சண்டை நீடிக்கும் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உணவுச் செய்தியை மிளிரி எவ்வளவோ தெளிவாகச் சொல்கிறது. புல்வெளிப் புற்கள், குரக்கன், சோளம் போன்றவற்றில் காபன்-13 என்ற சமதானி கூடுதல், மரஞ்செடிகளில் குறைவு, அடர்காட்டின் நிழலில் வளர்பவற்றில் இன்னும் குறைவு. உண்பவரின் பல்லிலும், அவர் தின்ற விலங்கின் வழியாகக்கூட, அந்த விகிதம் படிந்துவிடும். தொல்லியலாளர் பற்றிக் றொபேட்ஸும் இலங்கை ஆய்வாளர்களும் அடங்கிய குழு 20,000 ஆண்டு முதல் 3,000 ஆண்டு வரை பழமையுள்ள 26 பேரின் பற்களைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. பனியூழியின் கடுங்காலத்திலும் இவர்கள் மழைக்காட்டையே நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 3,000 ஆண்டுக்கு முந்திய இரண்டு பற்கள் மட்டுமே திறந்த புல்வெளியின் உணவைக் காட்டின. அது இரும்புக்காலத்தின் தொடக்கம். மழைக்காட்டில் வேட்டையாடிகள் நீண்டகாலம் பிழைத்திருக்க இயலாது என்று ஒருகாலத்தில் வலுவாக இருந்த கருத்தை இந்த முடிவு உடைத்தது. அதே குகைகளில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருப்பதால் கரை அவர்களுக்கு அந்நியமானதல்ல. கழுத்துக்கு மணி கடலிலிருந்து வந்தது, வயிற்றுக்கு உணவு காட்டிலிருந்து.

வளர்ந்த இடத்தை அறியப் பயன்படுவது ஸ்ரொன்சியம் என்ற தனிமம். கடல்நீரில் அதன் சமதானி விகிதம் 0.7092. இலங்கையின் உள்நாட்டுப் பழம்பாறைகள் பொதுவாக அதைவிட உயர்ந்த விகிதம் கொண்டவை. கடற்சாரல் படிந்த மண்ணில் விளைந்ததைத் தின்று கொட்டியாரக் குடாவோரம் வளர்ந்த குழந்தையும், மகாவலி ஆற்றின் மேற்பகுதியில் வளர்ந்த குழந்தையும் ஒரே குடியில் பிறந்திருந்தாலும் கடைவாய்ப்பல்லில் வேறுபடுவார்கள். எங்கிருந்தோ வரும் அரிசியையும் பால்மாவையும் உண்டு வளரும் இக்காலப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு மங்கிவிடும் என்பதால், முறை பழைய பற்களுக்கே பெரிதும் பொருந்துகிறது.