புத்தகத்தில் ஏறாத பதக்கம்

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு போர்ப் பதக்கம் கொடுத்தது. துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. மூட்டை சுமந்து பாதை வெட்டிய இந்தியக் கூலிப் படைக்காரனுக்கு வெண்கலம். அதே ராஜா தலைதான். உலோகத்தில்கூடத் தீட்டுப் பார்த்திருக்கிறார்கள்!

சென்னை ராணுவத்தில், முக்கியமாக 1780இல் தொடங்கிய சாப்பர் படையில், பறையர்கள் திரளாக இருந்தார்கள். 1880களில் ராபர்ட்ஸ் ‘வீர சாதி’ என்று கதை கட்டித் தெற்கத்தி ஆட்களைக் கழித்தார். அடுத்த பத்தாண்டில் பம்பாய் மகர்களுக்கும் கதவைச் சாத்தியாச்சு. 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே படையில் மீண்டும் இடம் கேட்டு லண்டனுக்கு மனு அனுப்பினார். எதைக் காட்டி? முன்னோர் செய்த படைச் சேவையைக் காட்டி. நமக்கு ஏது பட்டா, ஏது செப்பேடு? பட்டாளத்துப் பதிவேடுதான் இருந்தது.

இன்றும் அந்த மனு ஓயவில்லை. ஓசூர் பக்கத்துச் சேரித் தாத்தா ஒருவர், 1971 போருக்குப் போனவர், பிறகு சிப்காட்டில் வாட்ச்மேன் வேலை பார்த்தவர், பூர்வி ஸ்டார் தன் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறவில்லை என்று மனு எழுதச் சொன்னார்.

“பென்ஷன் கூடுமா தாத்தா?”

“ஒரு பைசா கூடாதுப்பா. நீ எங்கடா சண்டைக்குப் போன, சமையக்கட்டுலதான இருந்தன்னு ஊர்க்காரன் கேக்கறான்.”

பதக்கத்தில் அவர் நம்பரும் பேரும் வெட்டியிருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து மனுவோடு வைத்தோம்.