தொழில் மனம்: சிவகாசித் தீப்பெட்டி வரலாறு காட்டும் சில குறிகள்



நம்முள் பலர் தம் புதல்வரைப் பற்றிப் பேசுங்கால், "அவனுக்கு வியாபார புத்தி உண்டு" என்றோ, "அவனுக்கு அது வராது" என்றோ எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பையன் கடையில் உட்கார்ந்தால் உண்டென்றும், புத்தகத்தை விரும்பினால் இல்லையென்றும் முடிவு கட்டுதல் வழக்கமாய்விட்டது. பணத்தில் ஆசை மிகுந்திருத்தலே தொழில் மனம் என்பாரும் உளர். பணத்தாசை இல்லாதார் யாவர்? உத்தியோகஸ்தனுக்கும் அஃது உண்டு, சூதாடிக்கும் உண்டு. ஆதலின் அக்குறி பயன்படாது. தொழில் மனம் தன்பால் உண்டோ இல்லையோ என்பதை ஒருவன் முதல் திரட்டப் புறப்படுமுன் அறிந்துகொள்ளவேண்டும். அறியாமல் இறங்குவானாயின் முதலில் அடகுக்குப் போவது மனைவியின் நகை. அடுத்துப் போவது பாட்டன் வைத்த புஞ்சை. இதனை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம்.

இம்மனத்தின் இயல்பை விளக்கச் சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பிறந்த வரலாற்றினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

சிவகாசி மழை குறைந்த சீமை. வானம் பார்த்த பூமி; பயிரை நம்பினவன் பாதி வருஷம் கை கட்டி உட்கார்ந்திருக்கவேண்டிய நிலை. அக்காலத்தில் நம் நாட்டு அடுப்புகளை எரியவைத்த தீப்பெட்டிகளிற் பெரும்பாலன சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. 1922-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு விதித்த சுங்கவரியைக் குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தினர். குரோசு என்பது 144 பெட்டி. ஒன்றரை ரூபாய்க்கு 24 அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்படியாக 288 தம்படி. ஆகவே பெட்டி ஒன்றுக்கு வரி இரண்டு தம்படி. இச்செய்தியைப் படித்தவர்களிற் பலர் விலையேற்றத்தை நினைத்துச் சலித்துக்கொண்டிருப்பர். தொழில் மனமுடையான் அவ்விரண்டு தம்படியை வேறு விதமாய்ப் பார்க்கிறான். அயல்நாட்டான் பெட்டிக்கும் உள்ளூரில் செய்யக்கூடிய பெட்டிக்கும் நடுவே, தான் நிற்பதற்குரிய இடமாக அஃது அவனுக்குத் தோன்றும். பண்டத்தைக் கண்டால் விலையை மட்டும் கேளாமல், "இதை யார் செய்கிறார்? எதனால் செய்கிறார்? இங்கே ஏன் செய்யலாகாது?" என்று மனம் தானே வினவுமாயின், அதுவே முதற் குறி.

அதே 1922-ம் வருஷத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஸ்ரீமான்கள் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்றனர். இருவரும் இளைஞர், நெருங்கிய உறவினர். ஊரோ தூரம், பாஷையோ வேறு. சரக்குப் பிடித்து வந்து விற்பதாயின் ஒரு தரகரோடு காரியம் முடிந்திருக்கும். அவர்கள் போனது தீப்பெட்டி செய்யும் வகையைக் கற்றுக்கொள்ள. செய்முறை தெரியாத பண்டத்திற் பணத்தைப் போடாமல், கற்பதற்கு ஒரு காலத்தை முதலாகப் போட்டனர். முதலாளியாய் உட்காரவேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டு. மாணாக்கனாய் நிற்கச் சம்மதிப்பவர் சிலரே. பிறரிடம் கேட்டுக் கற்பதை அவமானமாய் நினைப்பவர், என் கருத்தில், பெருந்தொழிலுக்குப் போகாதிருத்தல் நலம்.

1923-ல் திரும்பிவந்து தொழிலைத் தொடங்கினர். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தனர். இங்கேதான் வரலாறு சுவைபெறுகிறது. நாளடைவில், விலை கொடுத்து வாங்கிய அந்த இயந்திர முறையை விடக் கைத்தொழில் முறையே தம் ஊருக்குப் பொருந்துமெனக் கண்டு அதனையே பற்றினர். அதே 1923-ல் சுவீடன் தேசத்துக் கம்பெனியார் இந்தியாவிலேயே வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியைத் தோற்றுவித்திருந்தனர். பெருமுதலும் பெரிய இயந்திரங்களும் உடைய அவர்களோடு இயந்திரத்தாற் போட்டியிடுவது யானையோடு தோள் தட்டுவதாகும். சிவகாசியில் மிகுந்திருந்தது வேலையற்ற கைகள். ஆகவே வேலை சிறு சிறு கூறாகப் பிரிந்தது. சட்டத்தில் குச்சிகளை வரிசையாய்ச் செருகுவதற்குக் கட்டை அடுக்குதல் என்று பெயர். அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே சென்றது. பெண்மணிகள் சமையலுக்கிடையே திண்ணையில் அமர்ந்து செய்தனர். மருந்து முக்குதல் மட்டும் தேர்ந்தவர் கையில் நின்றது. தொழிற்சாலையை அவ்வூரார் தீப்பெட்டி ஆபீஸ் என்றே வழங்கலாயினர்.

பெட்டியின் பசையும் குச்சியின் மருந்தும் உலர்வதற்கு வேண்டியது வெயிலும் வறண்ட காற்றும். பயிர்த்தொழிலுக்கு எது குறையோ, அதுவே இத்தொழிலுக்கு உதவியாயிற்று. வானம் மாறவில்லை, பார்த்த கண் மாறிற்று.

தான் போட்ட திட்டத்தின்மேல் உள்ள பற்றை விட்டுவிட்டு, எடுத்த காரியத்தின்மேல் உள்ள பற்றை விடாதிருத்தல் மிக அரிய குணம். பலர் இதனை மாற்றிச் செய்கின்றனர். வாங்கின இயந்திரத்துக்காகக் கடன்மேல் கடன் வாங்கி, இயந்திரமும் தொழிலும் ஒருங்கே அழியும்வரை பிடிவாதம் பிடிக்கின்றனர். அதற்கு வைராக்கியம் என்று பெயரும் இடுகின்றனர்.

1926-ல் இருவரும் மனமொத்துப் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினர். பாகப்பிரிவினை என்றாலே நீதிஸ்தலம் நினைவுக்கு வரும் நமக்கு இதுவும் கவனிக்கத்தக்கது. பெட்டிக்கு வேண்டிய லேபிலை ஒட்டி அச்சுத்தொழில் அவ்வூரில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரவு தடைப்பட்டபோது பட்டாசுத் தொழில் ஓங்கிற்று. ஒன்றைச் செய்துகொண்டிருக்கையிலேயே அதன் அருகிலுள்ள மற்றொன்றைக் காணும் பழக்கத்தின் விளைவு இவை.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்துப் புகழ்தல் முறையன்று. வேலையற்ற கைகளைத் தேடிய கண் குழந்தைகளின் சிறு விரல்களையும் கண்டது. பள்ளியிலிருக்கவேண்டிய சிறுவர் சிறுமியர் பல ஆண்டுகள் கட்டை அடுக்கினர். 1986-ம் வருஷத்துச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாதாரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. தன் பேரேட்டில் எழுதப்படாத செலவை வேறு யார் கொடுக்கிறார் என்று கேட்கும் வழக்கம் ஒருவனுக்கு உண்டா என்பதையும் அவன் தன்னைச் சோதிக்கையிற் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

வென்றவரை மட்டும் காட்டினால் வாசகர், தொழில் மனம் என்பது இலாபத்துக்கு மறுபெயர் என்று மயங்கக்கூடும். தூத்துக்குடி வக்கீல் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்வித்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். அதனை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்தமையைக் கவனியுங்கள். கப்பலை ஒருவராய் வாங்க இயலாத நாட்டில், நடுத்தரக் குடும்பத்தார் எட்டத்தக்க அளவுக்கு அக்கப்பலைத் துண்டாக்கினார். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். 1908 மார்ச்சில் சர்க்கார் அவரைச் சிறைப்படுத்தினர். 1911-ல் கம்பெனி கலைந்தது. பங்குதாரர் பலர் பணம் இழந்தனர். ஆயினும் பெருங்காரியத்தைச் சிறு பங்குகளாக எண்ணத் தெரிந்த அந்த மனம், எந்த இலாபக் கணக்குக்கும் குறைந்ததன்று.