சுகேரோகு ஆக முடியாத சிறுமி

'ககேகி ஷோஜோ!!' என்ற அனிமே தொடரை நான் முதலில் பார்த்தது ஒரு மாணவி வற்புறுத்தியதால். "கனவைத் துரத்தும் பெண்களைப் பற்றிய கதை, பாருங்கள்" என்றாள். கனவைத் துரத்தும் கதைகள் மீது எனக்கு ஒரு சலிப்பு உண்டு. உழைத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நீ உழைக்கவில்லை என்று முடிகிற கதைகள் அவை. அந்த எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். 2021இல் வந்த 13 பகுதிகளையும் பார்த்து முடித்தபோது, கதையைவிட அதன் பின்னால் நிற்கும் நானூறு ஆண்டுகள் என்னை இழுத்துக்கொண்டன.

கதை எளியது. வதனபே சரசா, டோக்கியோவின் அசகுசா பகுதியில் தாத்தாவிடம் வளர்ந்த பெண். 178 சென்டிமீட்டர் உயரம். பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறாள். 'வெர்சாயின் ரோஜா' நாடகத்தில் ஆஸ்கராக நடிப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறாள். கூடச் சேர்பவள் நராதா ஐ. பெரிய பாடல் குழு ஒன்றில் இருந்தவள். கைகுலுக்கும் நிகழ்ச்சியில் ஓர் ஆண் ரசிகரைப் பார்த்து அருவருப்பைச் சொல்லிவிட்டதால் வெளியேற்றப்பட்டவள். சிறுவயதில் அம்மாவின் காதலன் அவளிடம் நடந்துகொண்ட விதம், ஆண்கள் பக்கத்தில் நிற்கவே முடியாதபடி செய்துவிட்டது. ஆண்களே இல்லாத இடம் என்பதால்தான் இங்கே வருகிறாள். இன்னொருத்தி, ஆசிரியர் ஒருவர் 'பருமன்' என்று சொன்னதைக் கேட்டு, உண்டதை எல்லாம் வாந்தியெடுக்கத் தொடங்குகிறாள். மாங்கா ஆசிரியர் சைகி குமிகோ இவற்றை மென்மைப்படுத்தாமல் வைக்கிறார்.

ஆனால் சரசாவின் முதல் ஆசை ஆஸ்கர் அல்ல. சின்ன வயதில் அவள் கபுகி நாடக நாயகன் சுகேரோகு ஆக ஆசைப்பட்டாள். ஊதாத் தலைக்கட்டும் குடையுமாக மிடுக்காக வரும் எடோ நகரத்து வீரன் அவன். கபுகிக் குடும்பத்துப் பையனோடு சேர்ந்து நடனம் கற்றாள், நன்றாகவே ஆடினாள். பெண் சுகேரோகு ஆக முடியாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. பையன் தொடர்ந்தான். அவள் நின்றாள்.

ஏன் முடியாது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 1603க்குப் போக வேண்டும். கியோட்டோவில் ஒகுனி என்ற பெண் ஆண் உடையில், இடுப்பில் வாளோடு, தேநீர் விடுதிக்கு வரும் ஓர் இளைஞனாக ஆடினாள். கூட்டம் அலைமோதியது. அதுதான் கபுகியின் தொடக்கம். அதாவது கபுகியின் முதல் நாயகன் ஒரு பெண். அவளைப் பின்பற்றிப் பல பெண்கள் குழுக்கள் கிளம்பின. அவர்களில் பலர் பாலியல் தொழிலுக்குள்ளும் தள்ளப்பட்டிருந்தார்கள். பார்வையாளர்கள் சண்டையிட்டார்கள், ஒழுங்கு கெட்டது என்றார்கள். 1629இல் ஷோகுன் அரசு பெண்களை மேடையிலிருந்தே விலக்கியது. சண்டை போட்டவர்கள் பார்வையாளர் பகுதியிலேயே இருந்தார்கள். பிறகு இளம் பையன்களும் விலக்கப்பட, வளர்ந்த ஆண்களே எல்லா வேடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பெண் வேடமிடும் ஆணுக்கு 'ஒன்னகதா' என்று பெயர். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சுகேரோகுவின் காதலியான அகெமகியையும் இன்றுவரை ஆண்தான் நடிக்கிறார்.

மெய்ஜி காலத்தில் சட்டத் தடை தளர்ந்தது. கபுகி தளரவில்லை. வெளிநாடுகளில் நடித்துப் புகழ்பெற்றுத் திரும்பிய கவகாமி சதயாக்கோ 1908இல் டோக்கியோவில் நடிகைகளுக்கென ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதைப் பேரரசுத் திரையரங்கு நிறுவனம் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. பெண்கள் தாமே அமைத்த ஒரு வாசல் இருந்தது என்பதைக் குறித்து வைப்பது அவசியம். ஏனென்றால் அடுத்து வரும் வாசலைத் திறந்தவர் ஒரு ரயில் முதலாளி.

கோபயாஷி இச்சிஸோவின் ரயில் பாதை 1910இல் ஓடத் தொடங்கியது. அதன் கடைசி நிலையங்களில் ஒன்று தகராசுகா, ஒரு சிறிய வெந்நீர் ஊற்று ஊர். ரயிலில் ஆள் ஏற வேண்டுமானால் பாதை முடிகிற இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். உள்ளரங்க நீச்சல் குளம் கட்டினார். தண்ணீர் சில்லிட்டது, ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கவும் அனுமதி இல்லை. குளம் தோற்றது. அதன்மேல் பலகை போட்டு மூடிப் பார்வையாளர்களை உட்கார வைத்தார், உடை மாற்றும் அறையை மேடையாக்கினார். 1913இல் சிறுமிகளைச் சேர்த்துப் பாட்டுப் பயிற்சி கொடுத்து, 1914 ஏப்ரலில் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். பீச் பழத்திலிருந்து பிறந்த மோமோதாரோ என்ற பையனின் கதை. அவனாக நடித்ததும் ஒரு சிறுமிதான். ஒகுனிக்குப் பிறகு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, நிரப்பப்படாத ஒரு குளத்தின் ஓரத்தில் பெண் மறுபடியும் மேடையில் ஆணானாள்.

ஆனால் நிபந்தனைகளோடு. 1919இல் இது பள்ளியாயிற்று. மேடையேறுபவர்கள் நடிகைகள் அல்ல, 'மாணவிகள்' என்றே இன்றும் அழைக்கப்படுகிறார்கள். தூய்மை, ஒழுங்கு, அழகு என்பது முழக்கம். திருமணம் என்றால் குழுவை விட்டு விலக வேண்டும். மேடை, நல்ல மனைவியாவதற்கு முந்தைய ஒரு பருவம் என்பதுதான் முதலாளியின் எண்ணம். ஆண் வேடத்துக்கு அங்கே வழங்கும் சொல் 'ஓதோகோயாகு'. ஜெனிபர் ராபர்ட்சன் இதைப் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டிய ஒரு நுட்பம் எனக்கு மறக்கவில்லை. பெண் வேடமிடும் ஆணின் பெயரில் இருப்பது 'கதா', அதாவது வார்ப்பு, முன்மாதிரி. ஆண் வேடமிடும் பெண்ணின் பெயரில் இருப்பது 'யாகு', அதாவது வேடம், கடமை. அவன் பெண்மைக்கே இலக்கணம் வகுக்கலாம். அவள் ஒப்படைத்த வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

பெண்கள் அப்படி அடங்கிப் போனார்களா என்றால், இல்லை. 1930களின் தொடக்கத்தில் ராஜபார்ட் பெண்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். தொப்பிக்குள் கூந்தலைச் சுருட்டி மறைத்தவரை அது வேடம். வெட்டிய பிறகு தெருவிலும் அதே தலைதான். பத்திரிகைகள் பதறின. பெண் ரசிகைகள் எழுதிக் குவித்த காதல் கடிதங்கள் அவர்களை மேலும் பதற வைத்தன. தகராசுகாவுக்குப் போட்டியாக ஷோச்சிகு நிறுவனம் டோக்கியோவில் நடத்திய பெண்கள் குழுவின் நட்சத்திரம் மிசுனோயே தகிகோ. குட்டை முடியாலேயே நாடறிந்தவர். 1933 ஜூனில், இசைக்கலைஞர்களின் வேலை நீக்கமும் சம்பளக் குறைப்பும் வந்தபோது, பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கிய மிசுனோயேவுக்கு வயது 18. யுகவாரா என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குக் கூட்டமாகப் போய் அங்கே தங்கிப் போராடினார்கள். பத்திரிகைகள் இதற்கு 'இளஞ்சிவப்புப் போராட்டம்' என்று பெயர் வைத்தன. இளக்காரம் தொனிக்கிற பெயர்தான். கோரிக்கைகளில் பலவற்றை நிறுவனம் ஏற்க வேண்டிவந்தது. மிசுனோயே சிறிது காலம் ஒதுக்கி வைக்கப்பட்டுப் பிறகு மேடைக்குத் திரும்பினார். போருக்குப் பின் அவர் நிக்கத்சு நிறுவனத்தில் திரைப்படத் தயாரிப்பாளரானார்.

கனவைத் துரத்தும் பெண்களைப் பற்றி யாராவது அனிமே எடுப்பதானால் இந்த யுகவாரா நாட்களை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆஸ்கர் எங்கிருந்து வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெசுகா ஒசாமு வளர்ந்தது தகராசுகா ஊரில். அவருடைய அம்மா அந்த மேடையின் ரசிகை. ஆணாக வளர்க்கப்படும் இளவரசியைப் பற்றி அவர் 1953இல் தொடங்கிய 'ரிபோன் நோ கிஷி' மாங்காவில் அந்த மேடையின் நிழல் விழுந்திருக்கிறது. 1972இல் இகேதா ரியோகோ என்ற இளம் பெண் 'வெர்சாயின் ரோஜா'வை வரையத் தொடங்கினார். ஆண்பிள்ளை இல்லாத தளபதி தன் மகளை ஆணாக வளர்க்கிறார். அவள் அரசியின் காவல்படைக்குத் தலைமை ஏற்று, கடைசியில் மக்கள் பக்கம் சேர்ந்து பாஸ்டில் கோட்டை முன் சாகிறாள். 1974இல் தகராசுகா இதை மேடையேற்றியது. கூட்டம் குறைந்து தவித்த குழுவை இந்த நாடகம்தான் தூக்கி நிறுத்தியது. இயக்கியவர் ஹசேகவா கசுவோ, கபுகியில் பயின்ற திரை நடிகர். ஒகுனியிடமிருந்து பறிக்கப்பட்ட கலை, ஓர் ஆண் வழியாக, ஒரு பெண் எழுதிய கதையில், பெண்கள் மேடைக்குத் திரும்பிவந்தது. சரசா ஆசைப்படும் ஆஸ்கர், உத்தரவின் பேரில் ஆணாகி, பிறகு உத்தரவு போட்டவர்களையே எதிர்த்தவள். இது சரசாவுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது எனக்கு உறுதியில்லை.

தொடரில் ஒரு வகுப்புக் காட்சி. டிபால்ட் வேடத்தைச் சரசா அபாரமாக நடிக்கிறாள். ஆசிரியர் ஆண்டோ மட்டும் மகிழவில்லை. அவள் தான் பார்த்த ஒரு நடிகரை அப்படியே பிரதி எடுத்திருக்கிறாள். இப்படியே இருந்தால் நீ முதல் நட்சத்திரம் ஆக முடியாது என்கிறார். கபுகியில் பார்த்துப் பார்த்து அச்சாகச் செய்வதுதான் கல்வி. அவளை வெளியே அனுப்பிய கலை, தன் பழக்கத்தை மட்டும் அவள் உடம்பில் விட்டுவைத்திருக்கிறது. அந்தக் காட்சியில் நான் தொடரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

தொடர் தொடாத ஒன்றும் உண்டு. அந்தப் பள்ளியின் உண்மையான மாதிரியான தகராசுகாவில், சீனியர்கள் உள்ளே இருக்கக்கூடும் என்பதற்காக, கடந்து போகும் ரயிலை நோக்கி ஜூனியர் மாணவிகள் தலைவணங்கும் வழக்கம் இருந்தது. அந்த ரயில் கோபயாஷியின் நிறுவனத்துடையது. இத்தகைய எழுதாத விதிகளைப் பள்ளி கைவிட்டது என்ற செய்தி 2020இல்தான் வெளிவந்தது. 2023 செப்டம்பரில் குழுவைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓயாத வேலையும் சீனியர்களின் கொடுமையும் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நிறுவனம் முதலில் கொடுமையை மறுத்தது. 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அப்போதெல்லாம், சில ஆண்டுகள் கழிந்ததும் இந்தப் பெண்கள் ஊழியர்கள் என்ற கணக்கிலிருந்தே வெளியேறி ஒப்பந்தக் கலைஞர்களாகிவிட வேண்டியிருந்தது. மேடையில் 'மாணவி', சம்பளப் பட்டியலில் வெளியாள் என்பதே அன்றைய நிலை.

இதை மாணவியிடம் சொன்னபோது அவள் முகம் வாடியது. "அப்போ சரசா போகக் கூடாதா?" என்றாள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மேடையின் முன்னே நிறைந்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தங்கள் சேமிப்பைக் கொடுத்துச் சீட்டு வாங்குபவர்கள். அங்கே அவர்கள் காண்பது வேறெங்கும் கிடைக்காத ஒன்று. மிசுனோயேவும் மேடையை வெறுத்து வெளியேறவில்லை, திரும்ப ஏறத்தான் போராடினார். அவளிடம் யுகவாரா கதையைச் சொன்னேன். அன்று இரவு முழுக்க அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிசுனோயேவின் குழு பின்னாளில் ஆடிய கொக்குசாய் அரங்கம் 1937இல் அசகுசாவில் எழுந்தது, 1982இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஓர் உயரமான ஓட்டல் நிற்கிறது. சரசா வளர்ந்த தெருக்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.