வெந்நீர் அடுப்புக்கு எதை எரிச்சோம்?

குளிர்காலத்தில் வீட்டைச் சூடு பண்ண ஆகிற செலவைப் பத்தி வெளிநாட்டுச் சொந்தக்காரங்க புலம்பும்போது எங்க ஊர்க்காரங்களுக்குச் சிரிப்பு வரும். திருப்பூர்ப் பக்கம் மார்கழி, தை விடியக்காலைக்கு ஒரு போர்வையும் ஒரு வாளி வெந்நீரும் போதும். ஆனா அந்த ஒரு வாளி வெந்நீருக்கு எதை எரிக்கிறதுங்கிற கேள்விக்குள்ள, எங்க விவசாயத்தோட நூறு வருசக் கதை இருக்குதுங்க.

வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டிக் குளிர் காய்ஞ்ச வரலாறு நமக்குப் பக்கத்தில் நீலகிரியில் இருக்கு. ஊட்டி, குன்னூர் பங்களாக்களில் கணப்பு எரியச் சோலை மரங்களை வெட்டினாங்க. அது மெதுவா வளர்ற காடு. வெட்டின வேகத்துக்கு ஈடு கொடுக்கல. 1843-ல் அங்கே கொண்டுவந்த ஆஸ்திரேலியத் தைலமரத்தை, பிற்பாடு விறகுக்காகவே மலை மலையா நட்டாங்க. எத்தனையோ புல்வெளி அப்படித்தான் காணாமப் போச்சு. அங்கே அடுப்பு நிலத்தை மாத்துச்சு. கீழே எங்க சமவெளியில், நிலம் மாறும்போதெல்லாம் அடுப்பு மாறுச்சு.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுன்னு சொல்லுவோம். மழை குறைஞ்ச மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவே வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. வேலியைக் கழிச்சா முள்ளு, மரத்தை அளவாக் கழிச்சா விறகு. எங்க அப்பத்தா காலத்துக் கணக்கு ரொம்ப எளிசு: மாடு திங்கறதை எரிக்கக் கூடாது, மண்ணு திங்கறதையும் எரிக்கக் கூடாது. அதனால சோளத்தட்டு கட்டுத்தரைக்கு, சாணி குப்பைமேட்டுக்கு. ரெண்டுக்கும் ஆகாததுதான் அடுப்புக்கு.

இதையே ஒரு வெள்ளைக்காரரும் எழுதி வச்சிருக்கார். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்ங்கிற வேளாண் வேதியியலாளர் இந்தியா முழுக்கச் சுத்திப் பார்த்தார். அவரோட அறிக்கை 1893-ல் வந்தது. விவசாயி சாணியை எரிக்கிறது அறியாமையால இல்ல, விறகு கிடைக்காததால. விறகுக்கு வழி பண்ணினா எரு வயலுக்குப் போகும்னு அதில் வாதாடியிருக்கார்.

எங்களுக்கு அந்த வழியைக் கொடுத்தது பருத்தி. 1900-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த கம்போடியா பருத்தி, கோயம்புத்தூர் ஜில்லாவின் கிணத்துத் தோட்டங்களில் நல்லா ஊனிக்கிச்சு. காய்ப்பு முடிஞ்ச செடியை அப்படியே விட்டா பூச்சி அதிலேயே தங்கி அடுத்த வெள்ளாமையைத் தின்னுடும். அதுக்காக 1919-ல் வந்த பயிர்ப்பூச்சிச் சட்டத்தின்படி, குறிச்ச தேதிக்குள்ள பழைய செடியைப் பிடுங்கியாகணும். பிடுங்கின பருத்திமார் எங்கே போகும்? கட்டுக் கட்டா வீட்டுப் பின்னாடி போராகும். பூச்சிக்குப் போட்ட சட்டம் அடுப்புக்கும் உதவுச்சு.

எரிக்கிறதிலும் சிக்கனம் உண்டு. மூணு கல்லு வச்ச அடுப்பில் எரியிற சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும்னு சொல்றாங்க. அதை அறிஞ்சவங்க கண்டுபிடிச்சதுதான் கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு வேகும். வீணாப் போற அனல் பக்கத்துக் குழிக்குப் போய் வெந்நீர்ப் பானையைச் சூடாக்கும். குளிக்கிற தண்ணிக்குத் தனியா ஒரு குச்சி வேண்டியதில்லை.

1960-களில் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணி வந்ததுக்கு அப்புறம், பருத்தி இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமா தென்னை ஏறுச்சு. பருத்திமார் போய் மட்டையும் தொட்டியும் பாளையும் அடுப்புக்கு வந்தது. கிளுவை வேலி இருந்த இடத்தில் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினோம். கம்பி வேலியைக் கழிச்சா என்னங்க கிடைக்கும்?

இதுக்கு நடுவில் திருப்பூர் வளர்ந்துச்சு. சாயப்பட்டறையில் துணிக்கு நீராவி வேணும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. 1877 வாக்கில் கடப்பைப் பக்கம் விறகுக்காக விதைச்ச சீமைக்கருவேலம் தமிழ்நாடெல்லாம் பரவி, இன்னைக்கு லாரி லாரியா இந்தப் பக்கம் வருது. தேங்காத் தொட்டி கார்பன் கம்பெனிக்கு, மட்டை நார் மில்லுக்கு. மிச்சம்னு சொல்லிச் சும்மா எடுத்துட்டு வந்த எல்லாத்துக்கும் இப்போ விலை இருக்கு. தோட்டம் வச்சிருக்கிற எனக்கு அது வருமானம். ஆனா வேலியோரம் சுள்ளி பொறுக்கி வெந்நீர் வச்ச கூலிக்காரக் குடும்பத்துக்கு அது நட்டம். அந்தக் கணக்கை யாரும் எழுதலை.

இப்போ உங்க வீட்டு கீசருக்கு வருவோம். 20 லிட்டர் வாளித் தண்ணியை 20 டிகிரி சூடேத்த ஏறக்குறைய அரை யூனிட் கரண்ட் ஆகும். அஞ்சு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ரெண்டரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 150. அரசாங்கம் இலவசமாத் தர்ற 100 யூனிட்டைக் குளியலறையே தின்னுட்டு இன்னும் கேட்கும். மாடி உங்களுதுன்னா சோலார் ஹீட்டர்தான் நல்லது. மானம் மூடின ஐப்பசி, கார்த்திகை நாள் போக மத்த நாளெல்லாம் இங்கே வெயிலுக்கா பஞ்சம்? வாடகை வீடுன்னா, எல்லாரும் அடுத்தடுத்துக் குளிச்சிட்டு கீசரை உடனே அணைச்சாலே கொஞ்சம் மிச்சம்.

எங்க வீட்டிலும் சோலார் போட்டாச்சு. அதில் எனக்குக் கிடைச்ச பெரிய லாபம் கரண்ட் பில்லில் இல்லைங்க. முன்னே அடுப்புக்குப் போன தென்னமட்டையை இப்போ மரத்தடியில் கவுத்துப் போடுறோம். அது ஈரத்தைப் பிடிச்சு வைக்குது, மக்கி மண்ணாகுது. தண்ணி பாய்ச்சுற இடைவெளி கோடையிலும் ரெண்டு நாள் தள்ளிப் போகுது. வெந்நீர் போடும் வேலையைச் சூரியன் எடுத்துக்கிட்டதால, மண்ணுக்குச் சேர வேண்டியது மண்ணுக்கே போகுது.