நண்டின் பிடியும் உயிரணுவின் பிணைப்பும்

புற்றுநோய்க்கு அரபு மருத்துவ நூல்கள் வழங்கிய பெயர் ‘ஸரதான்’. நண்டு என்பது அதன் பொருள். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருப்பதாகக் கண்டு கிரேக்கர் இட்ட பெயரையே அரபு மருத்துவர்கள் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர்.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு சுமார் கி.பி. 1013), 30 பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் இந்நோயைப் பற்றி எழுதுகின்றார். தொடக்க நிலையில், முற்றாக நீக்கத்தக்க இடத்தில் உள்ள சிறு கட்டியை அறுத்தெடுக்கலாம். முற்றிப் பெருத்ததை நெருங்கலாகாது என்பது அவர் அறிவுரை. அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என ஒளிவின்றி ஒப்புக்கொள்கின்றார்.

முற்றிய கட்டி ஏன் கத்திக்கு அடங்குவதில்லை? அதன் உயிரணுக்கள் முன்னரே பிரிந்து வேறிடம் சென்றுவிடுகின்றன என்பது பிற்கால விடை. அவை எவ்வாறு பிரிகின்றன என்பது விளங்கத் தொடங்கியதோ 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஜப்பானிய அறிஞர் மசதோஷி தகேச்சி, உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பதற்குச் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் தேவைப்படும் ஓர் ஏற்பாடு உண்டென 1977இல் காட்டினார். அதற்குரிய புரதத்துக்கு 1984இல் ‘கேடெரின்’ எனப் பெயரிட்டார். இதற்கிடையே, 1983இல் நியூயார்க்கில் எடெல்மன் குழுவினர் கோழிக்கருவின் கல்லீரலிலிருந்து ஒரு பிணைப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அது ‘ஈ-கேடெரின்’ இனத்தைச் சேர்ந்ததே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

1991இல் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வுகள் ஓர் உண்மையை நிறுவின. இப்புரதத்தை இழந்த புற்றணுக்கள் அண்டைத் திசுக்களுள் ஊடுருவுகின்றன. அதன் மரபணுவை மீண்டும் அளித்தால் அவ்வூடுருவல் தடைப்படுகின்றது. கல்லீரல் புற்றிலும் ஈ-கேடெரின் குறைந்த கட்டிகள் போர்ட்டல் சிரை வழியே அவ்வுறுப்பினுள்ளேயே பரவும் போக்குடையனவாகக் காணப்பட்டன. கேடெரினின் உள்முனையைப் பற்றி நிற்கும் பீட்டா-கேட்டனின் என்னும் துணைப் புரதத்தின் மரபணு கல்லீரல் புற்றுகள் பலவற்றில் பிறழ்ந்திருப்பது 1998இல் வெளிப்பட்டது. அப்புரதம் உயிரணுவின் கருவுக்குள் புகுந்து வளர்ச்சிக் கட்டளைகளையும் தூண்டவல்லது. எனினும், செய்தி அத்துணை எளிதன்று. ஈ-கேடெரின் குறையாத கட்டிகளும் பரவுவதுண்டு.

இவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடைதோறும் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஸஹ்ராவி உயிரணுவைக் கண்டவரல்லர். கண்டதாகக் கூறுவது அவருக்குப் பெருமையுமன்று. தம் கண்ணால் கண்டதை எழுதி, தம் கை எட்டாத இடத்தை மறைக்காமல் குறித்துச் சென்றதே அவர் பெருமை. அவர் கை நின்ற இடத்திலிருந்தே பிற்காலத்தார் கேள்வியைத் தொடர்ந்தனர். அவருடைய வாரிசுகள் என நாம் உரிமை கோருவதாயின், அந்த நேர்மைக்கும் உரிமை கோருதல் வேண்டும்.